ஊரில் நிற்கும் டிராக்டரை நண்பனோடு சேர்ந்து சரிசெய்வது எப்படி?

சிங்கப்பூரில் உழைத்த காசில் ஊரில் டிராக்டர் வாங்கியவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். தங்கும் விடுதியில் மன்னார்குடி, பட்டுக்கோட்டை, அறந்தாங்கி பக்கத்துத் தம்பிகளோடு உட்கார்ந்தால் சற்று நேரத்தில் பேச்சு வண்டியில் வந்து நிற்கும். பெரும்பாலும் கைமாறி வந்த பழைய வண்டி. அப்பாவோ அண்ணனோ ஓட்டுவார். நாற்று பறித்துக் கட்டி வைத்திருக்கும் நாளில்தான் அது கிளம்பாமல் நிற்கும். அந்த வாரத்தில் ஊர் மெக்கானிக்கைப் பிடிப்பது குதிரைக்கொம்பு.

இதுவரை ஸ்பேனரே பிடிக்காதவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஜூரோங் பக்கம் மண் அள்ளும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பட்டறையில் எனக்கு வேலை. விடுப்பில் போகும்போது எங்கள் வண்டியையும் அக்கம்பக்கத்தார் வண்டிகளையும் நண்பனோடு சேர்ந்து பார்ப்பேன். வீட்டுக் கொட்டகையில் நடக்கும் பழுதுவேலைக்குக் கருவிகளைவிடக் கூட நிற்கும் ஆள்தான் முக்கியம் என்பது என் உறுதியான எண்ணம். இரண்டு பேர் முறையாகப் பேசிக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாகச் சோதித்தால், கிளம்பாத வண்டிகளில் பெரும்பாலானவை பெரிதாக எதையும் பிரித்துப் போடாமலே கிளம்பிவிடும்.

வண்டி புதியதாக இருந்து உத்தரவாதக் காலம் முடியவில்லை என்றால் மட்டும் கை வைக்காதீர்கள். வாங்கிய இடத்தின் சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்கள்.

விமானம் ஏறுவதற்கு முன்பே தொடங்குங்கள்

காவிரிப் பாசனப் பகுதிக்காரர்கள் விடுப்பை ஏப்ரல், மே மாதங்களில் கேட்டு வாங்கப் பாருங்கள். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. அதற்குப் பிறகு வண்டிக்கும் ஓய்வில்லை, உதிரிபாகக் கடைக்காரருக்கும் ஓய்வில்லை.

ஊரில் உதவப்போகும் நண்பரைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். வேலை தெரிந்தவர் என்பதைவிட நிதானமானவர் என்பதுதான் பெரிய தகுதி. "நிறுத்து" என்றால் அந்த நொடியே நிறுத்துகிறவர், தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறவர், குடித்துவிட்டு வராதவர். இப்படி ஒருவர் கிடைத்தால் அவருக்கு மற்றதைக் கற்றுக்கொடுத்துவிடலாம்.

நாம் இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை மாலை இங்கே 6 மணி என்றால் ஊரில் 3.30. வெயில் இறங்கத் தொடங்கியிருக்கும், வெளிச்சம் நன்றாக இருக்கும். அந்த நேரத்தில் நண்பரைக் கொட்டகைக்குப் போகச் சொல்லிக் காணொளி அழைப்பில் வண்டியைப் பாருங்கள். எஞ்சின் எண் பொறித்த தகடு, ஓடிய மணி நேரத்தைக் காட்டும் மீட்டர், டீசல் பம்பு, ஃபில்டர் ஆகியவற்றைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உதிரிபாகம் கேட்கும்போது "மாஸி வண்டிக்கு ஃபில்டர்" என்றால் கடைக்காரர் நான்கு வகையை எடுத்துப் போடுவார். தகட்டின் படத்தைக் காட்டினால் சரியானதைத் தருவார்.

அடுத்து, சாவியைத் திருப்பச் சொல்லிப் புகைபோக்கியைப் படம் பிடிக்கச் சொல்லுங்கள். எஞ்சின் நன்றாகச் சுற்றியும் புகையே வரவில்லை என்றால் டீசல் போய்ச் சேரவில்லை. வெள்ளைப் புகை வந்தும் பிடிக்கவில்லை என்றால் டீசல் போகிறது, எரியவில்லை. ஓடும்போது கறும்புகை தள்ளினால் காற்று போதவில்லை அல்லது டீசல் அதிகம். நீலப் புகை என்றால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது. கடல் கடந்து உட்கார்ந்துகொண்டு பார்க்கக்கூடிய சோதனைகளில் இதைவிடப் பயனுள்ளது எனக்குத் தெரியாது.

இங்கிருந்து என்ன வாங்கிப் போகலாம்

அதிகம் வேண்டாம். வோல்ட் பார்க்கும் மல்டிமீட்டர் ஒன்று, தலையில் மாட்டும் விளக்கு, கண்களைக் காக்கும் கண்ணாடி, கையுறை, தரமான ரிங் ஸ்பேனர் செட் போதும். ஜாலான் புசார் வட்டாரத்து இரும்புச் சாமான் கடைகளிலோ சையது ஆல்வி சாலை முஸ்தபாவிலோ எல்லாம் கிடைக்கும். ஸ்பேனர் வாங்கும் முன் வண்டியில் எந்த அளவு நட்டுகள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பழைய மாஸி ஃபெர்குசன் வண்டிகளில் அங்குலக் கணக்கு நட்டுகள் உண்டு. அவற்றில் மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டு அழுத்தினால் நட்டின் முனைகள் மழுங்கிவிடும். அதன்பின் எந்த ஸ்பேனரும் பிடிக்காது.

கருவிகளைக் கைப்பையில் வைக்காமல் சரக்காகப் போகும் பெட்டியில் வையுங்கள். எஞ்சின் எண்ணெய், ஃபில்டர், பேட்டரி எல்லாம் ஊரிலேயே வாங்கலாம். டீசல் நனைந்த பழைய பம்பையோ, டீசலை எஞ்சினுக்குள் பீய்ச்சும் நாசிலையோ இங்கு கொண்டுவந்து சரிபார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். எரிபொருள் ஒட்டிய பாகங்களை விமானத்தில் ஏற்ற அனுமதி இல்லை.

முதல் வேலை: சாவி யாரிடம்?

இங்கே வேலையிடத்தில் காலையில் டூல்பாக்ஸ் மீட்டிங் என்னும் பாதுகாப்புக் கூட்டம் இல்லாமல் யாரும் வேலை தொடங்குவதில்லை. இயந்திரத்துக்குள் கை விடும் முன் மின்சாரத்தை அணைத்து, பூட்டுப் போட்டு, அட்டை மாட்டுகிறோம். 2006ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் பற்றி வகுப்பில் உட்கார்ந்து கேட்டவர்கள் நாம். ஆனால் ஊருக்குப் போய்க் கைலியை மடித்துக் கட்டியதும் அத்தனையும் மறந்துபோகிறது. இந்தப் பழக்கத்தை விமானத்தில் கூடவே கொண்டுபோங்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

முறை எளிது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். கொட்டகையாக இருந்தால் இரண்டு பக்கமும் திறந்திருக்க வேண்டும். மூடிய இடத்தில் எஞ்சின் புகை ஆளைக் கொல்லும். கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வையுங்கள். ரோட்டவேட்டரோ கலப்பையோ மாட்டியிருந்தால் தரையில் இறக்கிவிடுங்கள். தூக்கிய கலப்பைக்கு அடியில் யாரும் தலையைக் கொடுக்கக் கூடாது. அதைத் தூக்கிப் பிடிக்கும் ஹைட்ராலிக் எப்போது இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

சாவியை எடுத்து, எஞ்சினில் கை வைக்கிறவரின் சட்டைப் பையில் போடுங்கள். வண்டியைக் கிளப்பிப் பார்க்கும் நேரம் வந்தால், அவர் கையை வெளியே எடுத்து, எழுந்து நின்று, சாவியை நண்பரிடம் கொடுக்க வேண்டும். "கிளியரா?" என்று இருக்கையில் இருப்பவர் கேட்க வேண்டும். "கிளியர், அடி" என்று மற்றவர் வாயால் சொன்ன பிறகே சாவி திரும்ப வேண்டும். தலையாட்டல், கையசைவு எதுவும் கணக்கில் வராது.

சாவி போட்டும் செல்ஃப் (எஞ்சினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார்) எடுக்காத வண்டியைத் தரையில் நின்றபடியே ஸ்டார்ட்டர் முனைகளில் திருப்புளியை வைத்துப் பொறி பறக்கவிட்டுக் கிளப்பும் பழக்கம் ஊரில் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கிளட்ச்சை மிதித்தால்தான் அல்லது நியூட்ரலில் இருந்தால்தான் செல்ஃப் எடுக்கும் என்று தயாரிப்பாளர் வைத்திருக்கும் காப்பு அப்போது செயலிழந்துவிடுகிறது. கியரில் கிடக்கும் வண்டி அந்த நொடியே நகரும். நிற்கும் ஆள் பின்சக்கரத்துக்கு முன்னால் இருப்பார்.

பேட்டரியிலிருந்து தொடங்குங்கள்

சாவியைத் திருப்பினால் "டிக்" என்ற ஒற்றைச் சத்தத்தோடு நின்றுவிடுகிறதா? மல்டிமீட்டரைப் பேட்டரி முனைகளில் வையுங்கள். சும்மா நிற்கும்போது 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.4க்குக் கீழே என்றால் சார்ஜ் ஏற்ற வேண்டும். இப்போது நண்பர் செல்ஃப் அடிக்கட்டும், நீங்கள் மீட்டரைப் பாருங்கள். அளவு 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரியை உதிரிபாகக் கடையில் சோதிக்கக் கொடுங்கள். பேட்டரியில் நல்ல அளவு இருந்தும் செல்ஃப் சோம்பிச் சுற்றினால் முனைகளில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சைப் பொடியையும் எஞ்சின் உடம்பில் இறுக்கியிருக்கும் எர்த் ஒயரையும் பாருங்கள். பல வண்டிகளில் அந்த எர்த் முனையைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, மீண்டும் இறுக்கினாலே வேலை முடிந்துவிடும்.

கழற்றும்போது முதலில் நெகட்டிவ் முனை, மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ் முனை. தண்ணீர் குறைந்திருந்தால் காய்ச்சி வடித்த நீரை மட்டும் ஊற்றுங்கள். அமிலம் ஊற்றக் கூடாது, கிணற்றுத் தண்ணீரும் கூடாது. பக்கத்தில் பீடி, சிகரெட் வேண்டாம். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து வரும் வாயு வெடிக்கக்கூடியது.

டீசல்: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

எஞ்சின் நன்றாகச் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. ஸ்பேனரைத் தொடும் முன் மூன்றைப் பாருங்கள். தொட்டியில் டீசல் இருக்கிறதா, குச்சி விட்டுப் பாருங்கள். மீட்டரை நம்ப வேண்டாம். தொட்டியின் அடியில் இருக்கும் குழாய் திறந்திருக்கிறதா? எஞ்சினை நிறுத்த இழுக்கும் கம்பி முழுவதும் உள்ளே போயிருக்கிறதா? இந்தக் கம்பி துருப்பிடித்துப் பாதியில் சிக்கிக்கொண்டால் பம்பு டீசலை விடவே விடாது. கம்பி முடிகிற இடத்தில், பம்பின் மேல் இருக்கும் சிறு கையை விரலால் தள்ளிப் பாருங்கள். அது சட்டென்று நகர்ந்தால் பழுது உங்களுக்குப் பிடிபட்டுவிட்டது.

வேறொரு வகைத் தொல்லையும் உண்டு. வண்டி நன்றாகக் கிளம்பும், அரை மணி நேரம் உழும், பிறகு மூச்சுத் திணறி நின்றுவிடும். சிறிது நேரம் கழித்து மறுபடி கிளம்பும். இப்படி நின்றால் உடனே தொட்டியின் மூடியைத் திறந்து காதை அருகே வையுங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டால் மூடியிலுள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. சேறும் வைக்கோல் தூசியும் அந்தச் சிறு துளையில் அப்பிவிடும். மூடியை டீசலில் கழுவி ஊதினால் போதும். இதைப் பார்க்காமல் பம்பையே கழற்றிக் கடைக்கு எடுத்துப்போனவர்களை நான் அறிவேன்.

இவையெல்லாம் சரி என்றால் ஃபில்டருக்கு வாருங்கள். ஃபில்டருக்கு முன்னால் கண்ணாடிக் கிண்ணம் இருந்தால் அதன் அடியில் தண்ணீர் தங்கியிருக்கிறதா பாருங்கள். டீசலுக்கு அடியில் தண்ணீர் தனி அடுக்காகத் தெரியும். கேனில் நாட்கணக்கில் வைத்த டீசலை ஊற்றும் வீடுகளில் இது சாதாரணம். கிண்ணத்தைக் கழற்றும் முன் சுற்றுப்புறத்தை டீசலும் தூரிகையும் கொண்டு நன்றாகக் கழுவுங்கள். டீசல் பம்புக்குள் போகும் ஒரு மணல் துகள் செய்யும் சேதத்துக்கு ஆகும் செலவு உங்கள் விமானச் சீட்டின் விலையைத் தாண்டிவிடும். ஃபில்டர் மாற்றும்போது பழைய ரப்பர் வளையத்தைத் தூக்கி எறியுங்கள். புதிய வளையத்தில் டீசலைத் தடவி, பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் ஒரு சுற்று தடவிப் பார்த்த பிறகு இறுக்குங்கள். வளையம் மடங்கியிருந்தால் அந்த வழியாகக் காற்று புகும், வண்டி மறுநாளே நிற்கும்.

ஃபில்டர் மாற்றினாலும், டீசல் தீர்ந்து நின்றிருந்தாலும், குழாய்களுக்குள் காற்று அடைத்திருக்கும். அதை வெளியேற்றுவதைத்தான் ஊரில் ஏர் எடுப்பது என்கிறார்கள். தொட்டியிலிருந்து நாசில் வரை டீசல் போகும் வழியிலேயே, வரிசையாக எடுக்க வேண்டும். நடுவில் தாண்டக் கூடாது.

தொட்டியை முக்காலுக்கு மேல் நிரப்புங்கள். ஃபில்டரின் தலையில் சிறிய திருகு ஒன்று இருக்கும். அதை ஒன்றிரண்டு சுற்று தளர்த்துங்கள், முழுவதும் கழற்ற வேண்டாம். டீசலைத் தள்ளிக் கொடுக்கும் சிறு பம்பில் கையால் அடிக்கும் பொத்தானோ லீவரோ இருக்கும். நண்பர் அதை நிதானமாக அடிக்கட்டும். முதலில் திருகைச் சுற்றி நுரை வரும். பிறகு டீசலும் குமிழியும் மாறி மாறி வரும். குமிழி அடங்கி, டீசல் மட்டும் தெளிவாக வழியத் தொடங்கும்போது "பிடி" என்று சொல்லுங்கள். அவர் லீவரை அழுத்திப் பிடித்திருக்கையிலேயே திருகை இறுக்குங்கள். அவர் கையை எடுத்த பிறகு இறுக்கினால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். ஒற்றை ஆளாகச் செய்கிறவர்கள் மணிக்கணக்கில் திண்டாடுவது இந்த ஓர் இடத்தில்தான்.

லீவர் பிடிமானமே இல்லாமல் தொளதொளவென்று ஆடினால் பம்பு போய்விட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். பம்பைத் தள்ளும் உள்முனை மேலே ஏறி நின்றாலும் அப்படித்தான் இருக்கும். எஞ்சினை ஒரு சுற்று சுற்றவிட்டு மீண்டும் அடித்துப் பாருங்கள்.

அடுத்தது பெரிய டீசல் பம்பு. அதன் உடம்பிலும் காற்றெடுக்கும் திருகு ஒன்றோ இரண்டோ இருக்கும். கீழே இருப்பதை முதலில், மேலே இருப்பதைப் பிறகு, முன்போலவே செய்யுங்கள். கடைசியாக நாசில்கள். ஒவ்வொரு நாசிலிலும் இரும்புக் குழாய் வந்து சேரும் நட்டை ஒரு சுற்று தளர்த்துங்கள். இப்போது நீங்கள் எழுந்து விலகி நின்று, கண்ணாடி போட்டுக்கொண்டு, சாவியை நண்பரிடம் கொடுங்கள். அவர் ஆக்சிலேட்டரை முழுவதும் திறந்து செல்ஃப் அடிக்கட்டும். ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் வேண்டாம். நடுவில் ஒரு நிமிடம் விட்டால்தான் செல்ஃப் மோட்டார் சூடேறாது. நட்டுகளிலிருந்து டீசல் துடித்துத் துடித்து வெளியே வரும்போது நிறுத்தச் சொல்லி, ஒவ்வொன்றாக இறுக்குங்கள். மறுபடி அடித்தால் முதலில் ஒரு சிலிண்டர் மட்டும் "டக் டக்" என்று தட்டும், மற்றவை ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொள்ளும். சத்தம் சீரானதும் ஆக்சிலேட்டரைக் குறைத்துவிடுங்கள்.

எஞ்சின் ஓடும்போது அந்த இரும்புக் குழாய்களில் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கவே கூடாது. நாசில் திறக்கும் அழுத்தம் சுமார் 200 பார், அதாவது காற்றழுத்தத்தைப்போல் ஏறக்குறைய 200 மடங்கு. ஊசித்துளை அளவு கசிவிலிருந்து பீறிடும் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். முதலில் முள் குத்தியதுபோல்தான் இருக்கும். விரலையே எடுக்க வேண்டிய நிலைக்குக் கொண்டுபோகும். அப்படி நேர்ந்தால் வலியில்லை என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய், டீசல் உள்ளே ஏறிவிட்டது என்று சொல்லுங்கள். கசிவைப் பார்க்க அட்டைத் துண்டைக் குழாய்க்கு அருகே பிடித்தால் போதும், நனைந்த இடம் காட்டிக்கொடுக்கும்.

காற்று, தண்ணீர், எண்ணெய்

கறும்புகை தள்ளும் வண்டிக்கு முதலில் ஏர் கிளீனரைப் பாருங்கள். அடியில் எண்ணெய்க் கிண்ணம் உள்ள பழைய வகை என்றால், கிண்ணத்தைக் கழற்றிச் சேற்றைக் கொட்டிவிட்டு, உள்ளே போட்டிருக்கும் கோடு வரை புது எண்ணெய் ஊற்றுங்கள். கோட்டைத் தாண்டி ஊற்றினால் எஞ்சின் அந்த எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும்.

ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்காதீர்கள். அதன் முன்பக்க வலையில் அடைத்திருக்கும் பதரையும் வைக்கோலையும் எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள்.

எஞ்சின் எண்ணெயை எடுத்துப் பார்க்கும் கம்பியில் எண்ணெய் பால் கலந்த நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அந்த வண்டியைக் கிளப்பாதீர்கள். சேற்றுழவு செய்த வண்டிக்குக் கியர் பெட்டியின் எண்ணெயையும் இப்படிப் பார்க்க வேண்டும். முன்அச்சு மூட்டுகளில் பழைய சேற்றுக் கிரீஸ் வெளியே வந்து புதுக் கிரீஸ் தெரியும்வரை அடியுங்கள். எண்ணெய் மாற்றுவதற்கான மணி நேரக் கணக்கு வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். 250 மணி என்பது பல வண்டிகளுக்குப் பொதுவான கணக்கு.

கை வைக்கக் கூடாதவை

டீசல் பம்பைத் திறக்காதீர்கள். அதைச் சோதிக்கத் தனி இயந்திரம் வைத்திருக்கும் கடைகள் நகரங்களில் இருக்கின்றன. நாசிலைக் கழற்றிக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். கழற்றியதும் குழாய் முனைகளைச் சுத்தமான பிளாஸ்டிக்கால் மூடிவிடுங்கள். கிளட்ச் தட்டை மாற்றுவதற்குப் பொதுவாக வண்டியையே நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். இரண்டு பாதியும் தனித்தனியே பெரும் எடை. ஜாக்கியும் செங்கலும் அதைத் தாங்காது. தண்ணீர் நிரப்பிய பின்சக்கரத்தையும் வீட்டில் கழற்ற வேண்டாம். அது சாய்ந்தால் இரண்டு பேர் பிடித்து நிறுத்த முடியாது.

பிரேக்கை நீங்களே சரிசெய்தால் இடது, வலது மிதிகள் இரண்டும் ஒரே அளவு பிடிக்கின்றனவா என்று வயலில் ஓட்டிப் பார்த்து, இரண்டையும் கொக்கியால் இணைத்த பிறகுதான் சாலைக்கு வண்டியை எடுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் சாலையில் வண்டி திரும்பிப் புரளும்.

சிங்கப்பூர் திரும்பிய பிறகு

நோட்டுப் புத்தகம் ஒன்றை வாங்கி இருக்கைக்குக் கீழேயுள்ள பெட்டியில் போட்டுவிட்டு வாருங்கள். எந்த மணி நேரத்தில் எண்ணெய் மாற்றியது, எந்த எண் ஃபில்டர் போட்டது, எந்த நட்டுக்கு எந்த ஸ்பேனர் என்று நண்பர் கையாலேயே எழுதட்டும். அதன் பக்கங்களைப் படமெடுத்து உங்கள் தொலைபேசியிலும் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அழைப்பு வரும்போது நீங்கள் வேலையிடத்தில் இருப்பீர்கள். உணவு இடைவேளையில் பத்து நிமிடத்தில் பதில் சொல்ல அது உதவும்.

நண்பரின் நேரத்துக்கு மரியாதை கொடுங்கள். அவரும் சொந்த வேலையை விட்டுவிட்டுத்தான் வருகிறார். அவர் நிலத்துக்கு ஒரு நாள் உழவு ஓட்டித் தரச் சொல்லி அப்பாவிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். பணமாகக் கொடுத்தால் வாங்க மறுக்கிறவர்கள்கூட இதை ஏற்றுக்கொள்வார்கள்.

வண்டி நெடுநாள் நிற்கப்போகிறது என்றால் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். தொட்டியை நிரப்பி வைக்கட்டும்; காலி இடத்தில் ஈரம் படிந்து தண்ணீராகும். மாதத்துக்கு ஒருமுறை முனையை மாட்டி, எஞ்சின் நன்றாகச் சூடாகும்வரை ஓடவிட்டு, ஓடும்போது பேட்டரி 13.8 வோல்ட்டுக்கும் 14.4 வோல்ட்டுக்கும் இடையே காட்டுகிறதா என்று மல்டிமீட்டரில் பார்த்து உங்களுக்கு எழுதி அனுப்பட்டும்.